எடைமேடை அறையும் உன் கல்யாணமும்

நேற்று நீ போனில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். போகவில்லை. "ஒரு கிலோ பால்கோவா வாங்கிட்டு ராஜபாளையம் வரைக்கும் போயிட்டு வாம்மா. நீ சொன்னா மாமா கேப்பார். கல்யாணத்தன்னைக்கு அவர் மாலையோட நிக்கலைன்னா ஊர் என்ன பேசும்?" என்றாய். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிற நமக்கு யாரைச் சமாதானப்படுத்தவும் பால்கோவாதான் முதலில் கைக்கு வருகிறது. நான் போகப் போவதில்லை. ஏன் என்று போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் பேச்சை நிறுத்திவிடுவேன். நமக்கு அதுதான் பழக்கம். அதனால் எழுதுகிறேன். இதைப் பிறரும் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உனக்குக் கோபம் வரும், வரட்டும். நீ செய்ததும் ஒரு மில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கச் செய்ததுதான்.

நீ செய்தது என்ன என்பதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்கிறேன். உன் வார்த்தையில் கேட்டால் அது வேறு மாதிரி இருக்கும். ராஜபாளையத்தைத் தாண்டித் தென்காசி ரோட்டில் இருக்கிற ஒரு நூற்பு மில்லில் நீ மனிதவள மேலாளர். அதே மில்லின் ஸ்டோர்ஸில் நீ பிறப்பதற்கு முன்பிருந்தே வேலை பார்ப்பவர் என் அண்ணன், உன் அந்தோணி மாமா. மில்லின் ஒரு பங்கை வெளியூர் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. இயக்குநர் குழுவில் புது ஆட்கள் வந்தார்கள். ஆள் அதிகம், குறைக்க வேண்டும் என்றார்கள். ஆட்குறைப்பு என்று செய்தால் சட்டம் இருக்கிறது, இழப்பீடு இருக்கிறது, சங்கம் இருக்கிறது. ஆகவே நீ லாரி எடைமேடைக்குப் பக்கத்தில் பூட்டிக்கிடந்த அறைக்கு வெள்ளையடித்தாய். நாலு மேசை, நாலு நாற்காலி, ஒரு மின்விசிறி. கதவில் 'திறன் மறுசீரமைப்பு மையம்' என்று பலகை. ஐம்பதைத் தாண்டிய நாலு பேரை அங்கே உட்கார வைத்தாய். முழுச் சம்பளம் உண்டு. வேலை மட்டும் கிடையாது. செல்போன் கூடாது, பேப்பர் கூடாது, தூங்கக் கூடாது. ஷிப்ட் தொடங்கும்போது வந்து முடியும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை, வேறு எங்கெல்லாம் வேலை தேடினோம் என்று உன்னிடம் வந்து சொல்ல வேண்டும். யாரையும் நீ வெளியே போகச் சொல்லவில்லை. அவர்களே சலித்துப்போய் ராஜினாமா எழுதித் தரக் காத்திருக்கிறாய்.

இது எங்கிருந்து வந்தது என்று உன் முதலாளிகளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஜப்பானியக் கம்பெனிகளை யார் ஆள்கிறார்கள், அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அந்த ஆளுகையில் என்ன இடம் என்பதைத்தான் இத்தனை வருடம் ஆராய்ந்தேன். அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினேன். நான் பாடம் எடுக்கும் கல்லூரியின் நூலகத்தில் அதை எடுத்துப் போனவர்கள் என்று யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை. மாணவர்கள் என்னை 'ஜப்பான் மேடம்' என்பார்கள், ஏதோ கராத்தே சொல்லித் தருகிறவளைச் சொல்வது போல. சக ஆசிரியர்கள் என் தலைப்பைக் கேட்டுவிட்டு, அங்கே பூகம்பத்துக்குப் பயமாக இல்லையா என்று கேட்பார்கள். புத்தகத்தை உண்மையிலேயே படித்து, ஒரு அத்தியாயத்தை எடுத்து நடைமுறைப்படுத்திக் காட்டிய ஒரே வாசகன் நீ. ஆராய்ச்சி செய்கிற எவரும் ஆசைப்படுவது இதற்குத்தான். எனக்கு அது இப்படி வாய்த்திருக்கிறது.

முதல் தடவை நான் ஜப்பான் போனபோது உனக்கு நாலு வயது. உன் அப்பாவுக்கு வடக்கே வேலை. உன்னை ராஜபாளையத்தில் மாமா வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். பிள்ளையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறாள் என்று மாதா கோவிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது என் காதில் விழும்படியே பேசினார்கள். மாமாதான் திரும்பிப் பார்த்து, "அவ புள்ளையை நான் வச்சிருக்கேன். ஒங்க புள்ளை எங்கன இருக்கான்னு மொதல்ல பாருங்க" என்றார். அங்கே இருந்த நாட்களில் உன்னோடு போனில் பேச எனக்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்திலும் நீ என்னைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. மாமா சாயங்காலம் மில்லிலிருந்து வந்ததும் நீ அவர் மடியில் ஏறி, "இன்னைக்கு என்ன வேலை பார்த்த மாமா?" என்று கேட்பாயாம். அவர் அன்றைக்கு வந்த லோடு என்ன, எந்த பேரிங் தீர்ந்துபோனது, எந்த ஃபிட்டர் வந்து சண்டை போட்டான் என்று பெரிய மனிதனிடம் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொல்வாராம். அ, ஆ தெரிவதற்கு முன்னால் உனக்கு பாபின், ஸ்பிண்டில் எல்லாம் தெரியும். நான் திரும்பி வந்த அன்று நீ மாமாவின் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாய். "ஏலே, ஒங்கம்மாலே. போ" என்று அவர் உன்னை முன்னால் தள்ளினார். நீ மறுபடியும் பின்னால் போய்விட்டாய். அன்று எனக்கு அவர் மேல் பொறாமைதான் வந்தது. நன்றி வர நாளாயிற்று.

திரும்பி வந்த பிறகு என் வேலை எப்படி இருந்தது என்பதை நீ பார்த்து வளர்ந்தவன். ஜப்பானில் நிரந்தர வேலை என்று உலகமே வியந்த ஏற்பாடு, பெரிய கம்பெனிகளில் ஆண்களுக்கு மட்டும் கிடைத்த ஒன்று என்பதை நான் அங்கே போய்த்தான் புரிந்துகொண்டேன். அந்த ஆண்களின் வேலை பத்திரமாக இருக்க, பெண்கள் தற்காலிகமாக வந்து தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கல்யாணம் ஆனதும் போய்விட வேண்டும். இதையெல்லாம் விரிவாக எழுதிக்கொண்டிருந்த நான், இங்கே சுயநிதிப் பிரிவில் தொகுப்பூதியத்தில் இருந்தேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் மறுபடி கூப்பிடுவார்களா என்று காத்திருப்பேன். நிரந்தர வேலையைப் பற்றி நான் வகுப்பெடுக்கும்போது அது எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. பதவி நிரந்தரமாவதற்குள் தலை நரைத்துவிட்டது. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. ஒருவரை வேலையில் வைத்துக்கொண்டே வேண்டாதவராக உணரவைப்பது எப்படி என்பது எனக்குப் புத்தகத்தில் மட்டும் தெரிந்த விஷயம் அல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

நீ ஒன்பதாம் வகுப்பு படித்தபோது இரண்டாவது முறை போய்வந்தேன். வந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவும் அத்தையும் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். அங்கே நான் சந்தித்த ஒருவரைப் பற்றிச் சொன்னேன். பழைய நாளில் அந்தக் கம்பெனிகள் பயன் குறைந்துபோன ஊழியரை ஜன்னலோரமாக ஒரு மேசையில் உட்கார வைத்துவிடும். அவர் பேப்பர் படிப்பார், தேநீர் குடிப்பார், ஓய்வு பெறும் நாளில் மாலை மரியாதையோடு போவார். வீண் செலவுதான். ஆனால் இவரும் நம் ஆள் என்ற நினைப்பு அதில் இருந்தது. பிறகு பங்குதாரர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும், லாபத்தைக் கூட்டிக் காட்ட வேண்டும் என்ற காலம் வந்தது. ஜன்னலோர மேசை, கதவு சாத்திய அறையாக மாறியது. நான் சந்தித்தவர் அப்படி ஓர் அறையில் இருந்தவர். தொழிலாளர்கள் அதைத் துரத்தும் அறை என்பார்கள். சும்மா இருப்பதுகூடக் கஷ்டம் இல்லை, இன்று என்ன செய்தாய் என்று வீட்டில் கேட்கும்போது சொல்லப் பொய் தயார் செய்வதுதான் அந்த அறையில் தனக்கு இருந்த முழுநேர வேலை என்றார் அவர். நான் இதைச் சொல்லி முடித்ததும் மாமா எலும்பைக் கடித்துக்கொண்டே, "சும்மா உக்காரச் சம்பளமா? ஏட்டி, எனக்கும் ஒண்ணு சொல்லி வையேன்" என்றார். அத்தை, "ஆமா, வீட்டுல உக்கார்றது பத்தலையாக்கும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. "அது சட்டப்படி தப்பில்லையாம்மா?" என்று கேட்டாய். நிரூபிப்பது கஷ்டம் என்றேன். நல்ல கேள்வி கேட்கிறான் என்று உன் அப்பாவிடம் பெருமையாகவும் சொன்னேன். கேள்வி நல்ல கேள்விதான். நீ அதை எந்தப் பக்கம் நின்று கேட்டாய் என்று பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

மாமா அந்த அறைக்குப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. உன் அத்தையிடம்கூட. உன் கல்யாணத்துக்குத் துணி எடுக்க அவளோடு போயிருந்தேன். கடையில் சட்டைத் துணியைத் தடவிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள். "மதினி, இவிய சட்டையில இப்பக் கறையே இருக்க மாட்டேங்கு. முன்னால கிரீசு கறைக்கு மண்ணெண்ணெ தொட்டுத் தேய்ச்சே என் கை போயிரும். இப்பப் போட்டுட்டுப் போன மாதிரியே கழட்டுதாவ. கேட்டா, ஸ்டோர்ஸெல்லாம் கம்ப்யூட்டர் ஆயிட்டு, கையே வைக்க வேண்டாம்ங்காவ." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஆனா லோடு வந்துச்சு, எறக்குனோம்னும் சொல்லுதாவ. கையே வைக்காம எப்பிடி எறக்குனாவ?" என்றாள். நான் அந்தத் துணிக்கடையில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் சோடா வாங்கி வரச் சொன்னார். அத்தை நான் சர்க்கரை குறைந்துபோய் உட்கார்ந்தேன் என்று நினைத்தாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் போனேன். மாமா வாசலில் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். "அண்ணே, எந்த ரூம்ல வச்சிருக்கான்?" என்று மட்டும் கேட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "எடைமேடை ரூம்தான். நல்ல காத்து வரும்" என்றார்.

"எத்தனை பேரு?"

"நாலு பேரு. ஒரு கை சீட்டு போடச் சரியான ஆளு. சீட்டுதான் கூடாதுங்கான் ஒன் மகன்."

"ஏன் என்கிட்டச் சொல்லலை?"

"என்னத்தைச் சொல்ல? ஒன் மகன் எனக்குச் சேர் போட்டு உக்காத்தி வச்சிருக்கான்னா? ஏட்டி, அது எனக்குக் கேவலமா ஒனக்குக் கேவலமான்னு யோசிச்சுப் பாத்தேன். ஒனக்குத்தான்னு பட்டுது. அதான் சொல்லலை." வாளித் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றினார். ஏற்கெனவே சுத்தமாக இருந்த சக்கரம். "மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறந்தான் செத்த கஷ்டமா இருக்கு. தூக்கம் வருது. தூங்குனா மெமோ குடுக்கணுமாம். காதர் பாய் என்னைக் கிள்ளுவாரு, நான் அவரைக் கிள்ளுவேன். இந்த வயசுல கைபூராம் கிள்ளு."

அன்று இரவே உன்னைக் கூப்பிட்டேன். நீ தயாராக இருந்தாய். "மாமான்னு பார்த்து அவரை மட்டும் நான் லிஸ்ட்ல இருந்து எடுத்திருந்தா அது கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட் ஆயிடும்மா. போர்டுல கேட்டா என்ன சொல்றது? சொந்தக்காரன்னு பார்க்கக் கூடாது, அதுதான் கவர்னன்ஸ்னு நீதானே சொல்லுவே" என்றாய். அன்றும் நான் போனை வைத்துவிட்டேன். என் பாடத்தில் நீ தப்பாகப் புரிந்துகொண்ட இடத்தை இப்போது சொல்கிறேன், கவனமாகப் படி. ஒரு முடிவில் தன் சொந்த நலனோ சொந்தக்காரர் நலனோ கலந்திருந்தால், அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு அந்த முடிவிலிருந்தே விலகி நிற்க வேண்டும். இவர் என் மாமா, இந்தப் பட்டியலை வேறொருவர் பார்க்கட்டும் என்று நீ இயக்குநர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நீ விலகவில்லை. அங்கேயே இருந்து, சொந்த மாமாவையே போட்டான் பார் என்று அவர்கள் உன்னைப் பற்றிப் பேச ஒரு வாய்ப்பை உண்டாக்கிக்கொண்டாய். மற்ற மூன்று பேரும் முறையிட்டால் என் மாமாவே அங்கேதான் இருக்கிறார் என்று சொல்லவும் உனக்கு வசதியாயிற்று. மாமாவைச் சலுகைக்குப் பயன்படுத்துவதும் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதும் ஒன்றுதான். இரண்டிலும் லாபம் உனக்கு. இதை முதலாண்டு மாணவி எழுதியிருந்தால்கூட மதிப்பெண் குறைத்திருப்பேன்.

அதோடு ஜன்னலோர மேசைக்கும் அந்த அறைக்கும் உள்ள வித்தியாசத்தை நீ விட்டுவிட்டாய். புத்தகத்தில் பாதி அதைப் பற்றித்தான். ஒரு கம்பெனி யாருடையது என்ற கேள்விக்குப் பதில் மாறும்போது அந்த நாற்காலியின் அர்த்தம் மாறுகிறது என்று எழுதியிருந்தேன். நீ நாற்காலியை மட்டும் பார்த்தாய். உன்னை நான் குறை சொல்லவில்லை, பெரும்பாலும் எல்லோரும் அப்படித்தான் படிக்கிறார்கள்.

உன் கல்யாண அறிவிப்பைக் கோவிலில் முதல் ஓலையாக வாசித்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அந்த அறையில் இருக்கிற காதர் பாய் நம் வீட்டுக்கு வந்தார். பஞ்சைச் சிக்கெடுக்கிற கார்டிங் பிரிவில் இருந்தவர். உள்ளே வரத் தயங்கி நின்றார். உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டதும், "உக்காரச் சொல்லாதிய சார், உக்காந்தே இடுப்பு போச்சு" என்றார். அப்பாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. பாய் என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, ஒங்க புஸ்தகத்துல எங்க ரூம் இருக்குன்னு அந்தோணி சொன்னாரு. நாங்க விருதுநகர்ல லேபர் ஆபீசர்கிட்ட மனு குடுத்திருக்கோம். அங்க போய் சும்மா உக்கார வைக்காவ, சம்பளமும் தாராவன்னு சொன்னா, ஆபீசரு நம்மளைப் பார்த்துச் சிரிப்பாரு. இது என்னன்னு படிச்சவிய ஒருத்தர் வந்து சொன்னாத்தான் ஏறும். வருவியளா?" என்றார். அந்தோணி மனுவில் கையெழுத்துப் போட்டாரா என்று கேட்டேன். "போட்டாரு. எங்க மூணு பேருக்கு அப்புறம், கடைசியா. ரெண்டு நாள் பேனாவைக் கையில வச்சிருந்தாரு" என்றார்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பேச்சுவார்த்தை உன் கல்யாணத்துக்கு முந்தின புதன்கிழமை. மில் தரப்பில் நீதான் வருவாய் என்றும் பாய் சொன்னார். அதனால் பெரிதாக எதுவும் நடந்துவிடும் என்று நான் நம்பவில்லை. அந்த அலுவலகங்கள் நடக்கும் வேகம் எனக்குத் தெரியும். ஒருவேளை நீ ஜெயிப்பாய். நிரூபிப்பது கஷ்டம் என்று நானே உனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் இத்தனை வருட ஆராய்ச்சியில், எனக்குத் தெரிந்ததை வந்து சொல் என்று யாரோ என்னைக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. எதிர்த்தரப்பில் நீ இருக்கிறாய் என்பதற்காக நான் தலைவலி என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொள்ள முடியாது. "கல்யாணம் முடியட்டுமே, இப்பப் போய் ஏன் பெரிசு பண்ணுதே" என்கிறார் உன் அப்பா. அவருக்கு எதையும் கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மாமாவின் பிற்பகல்கள் கல்யாணத்துக்கு அப்புறமும் அங்கேதான் இருக்கும்.

நீ கட்டிக்கொள்ளப் போகிற பெண் ஒரு நாள் சாயங்காலம் உன்னிடம், இன்றைக்கு என்ன வேலை பார்த்தாய் என்று கேட்பாள். எல்லாப் பெண்களும் கேட்பார்கள். அன்று நீ என்ன சொல்வாய் என்று எனக்கு யோசனையாக இருக்கிறது. அறிவுரை என்று ஏதாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்வேன்: அவளிடம் சொல்லக்கூடிய வேலையாகப் பார்த்துச் செய். உன் சம்பளம் அவளுக்குப் பழகிவிடும். நீ சொல்லாமல் விடுவது பழகாது.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். உனக்காக நான் அவரிடம் பேசவில்லை. ஆனால் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டு நின்ற அவரிடம், கல்யாணத்துக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று என் பங்குக்குக் கேட்டேன். வர வேண்டாம் என்று அவர் முடிவு செய்திருந்தால் நானும் அவர் வீட்டிலேயே இருந்திருப்பேன், அந்தத் தீர்மானத்தோடுதான் கேட்டேன். அவர் என்னை ஏதோ புரியாததைக் கேட்டவள் மாதிரி பார்த்தார். "மில்லுல அவன் மேனேசரு. அங்க நான் அவனை எதுத்து மனுப் போட்டிருக்கேன், புதங்கிழமையும் எதுத்துத்தான் பேசுவேன். கோவில்ல அவன் எம் மருமகன். அவனுக்கு மாலை போட வேற எவன் வருவான்? ரெண்டையும் போட்டுக் கொழப்பாதட்டி" என்றார். அத்தை உள்ளேயிருந்து, "மாலைக்கு ரோசாப்பூதான் சொல்லியிருக்கு. விட்டா புதங்கிழமையே போட்டுருவாவ" என்றாள். அவள் குரலில் சிரிப்பு இருந்தது, அழுததும் தெரிந்தது. இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும்.

அவரைப் போல இரண்டையும் பிரித்து வைக்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது. புதன்கிழமை நான் பேசும்போது உன்னைப் பார்த்துப் பேசமாட்டேன், அலுவலரைப் பார்த்துத்தான் பேசுவேன். நீ கேள்வி கேட்டால் பதில் சொல்வேன். அங்கே என்னை அம்மா என்று கூப்பிடாதே, மேடம் என்று கூப்பிடு. திங்கட்கிழமை காலையில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு உன் பக்கத்தில் வந்து நிற்பேன். என் முகம் எப்படி இருக்கும் என்று இப்போது சொல்ல முடியாது. படம் எடுக்கிறவர் சிரிக்கச் சொல்வார், முயற்சி செய்கிறேன்.

கோவில் வாசலில் மாமா மாலையோடு நிற்பார். நீ கேட்டது உனக்குக் கிடைத்துவிட்டது, பால்கோவா இல்லாமலேயே. அவர் உயரம் உனக்குத் தெரியும், உன் தோளுக்குத்தான் வருவார். நீ குனிந்தால்தான் அவரால் மாலை போட முடியும். புதன்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் நாலு நாள் இருக்கிறது. எந்த முகத்தோடு குனிவது என்பதை வாசலில் வந்து நின்றுகொண்டு யோசிக்காதே.